புதினா சாக்லேட் வில்லை: சர்க்கரையை எடுக்கும் முன் யோசிக்க வேண்டியவை

1940-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், யார்க் என்ற ஊரில் ஐஸ்கிரீம் கோன் தயாரித்துக்கொண்டிருந்த ஹென்றி கெஸ்லர் வட்ட வடிவில் ஒரு மிட்டாயை விற்பனைக்குக் கொண்டுவந்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று பெப்பர்மிண்ட் பூரணம், வெளியே மெல்லிய கறுப்புச் சாக்லேட். அதுதான் யார்க் பெப்பர்மிண்ட் பேட்டி. 1962-இல் இங்கிலாந்தில் ‘ஆஃப்டர் எய்ட்’ வந்தது. இந்த வகையில் உலகம் நன்கறிந்த மிட்டாய்கள் இவை இரண்டும். இரண்டிலும் பூரணம் என்பது பெரும்பாலும் சர்க்கரைதான்.

அதனால், இதை வீட்டில் ஆரோக்கியமாகச் செய்ய நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது அந்தச் சர்க்கரையில். தேங்காய் எண்ணெய், தேன், கறுப்புச் சாக்லேட், சில சொட்டுப் பெப்பர்மிண்ட் என்று இணையத்தில் செய்முறைகள் கொட்டிக் கிடக்கின்றன. படத்தில் கச்சிதமாக இருக்கும். மே மாதத்து மதுரையில் செய்துபார்த்தால் தட்டில் எண்ணெய்தான் தேங்கும்.

செய்தவரின் கைப்பக்குவத்தில் குறை இல்லை. பழைய செய்முறையில் சர்க்கரை மூன்று வேலைகளைப் பார்த்தது. இனிப்பு ஒன்று. பூரணத்துக்கு உடம்பு கொடுத்தது இன்னொன்று. நுண்ணிய சர்க்கரைப் படிகங்கள் 35 டிகிரி வெயிலிலும் உருகாமல் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, பூரணத்தில் உள்ள தண்ணீரைத் தன்னோடு கட்டிவைத்துக் கிருமிகள் வளர விடாமல் செய்தது. கடை மிட்டாய் மாதக்கணக்கில் கெடாததற்கு இது பெரிய காரணம். சர்க்கரையை எடுத்துவிட்டு இனிப்புக்கு மட்டும் மாற்றுத் தேடினால் மற்ற இரண்டு வேலைகளையும் பார்க்க ஆள் இல்லை. வீட்டு வில்லைகளில் நேரும் தவறுகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எண்ணெயை நம்பி வடிவம் பிடிப்பது

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். டொராண்டோவிலோ லண்டனிலோ அது ஆண்டின் பெரும்பகுதி வெண்ணெய்போல உறைந்தே இருப்பதால், அங்கே எழுதப்பட்ட செய்முறையில் அதைக் கெட்டியான பொருளாகக் கணக்கில் எடுத்திருப்பார்கள். நம் ஊரில் மார்கழி விடியற்காலையில் சில நாள் புட்டிக்குள் உறையும். மற்ற நாளெல்லாம் தண்ணீராகத்தான் நிற்கும். அதை வைத்துச் செய்த பூரணம் ஃப்ரிட்ஜுக்குள் கல்லாக இருக்கும், வெளியே எடுத்த பத்தாவது நிமிடம் சாக்லேட் ஓட்டுக்குள் குழம்பாகிவிடும்.

ஆரோக்கியக் கணக்கிலும் இது தேறாது. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. அதன் கொழுப்பில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. சர்க்கரையை விரட்டிவிட்டு அந்த இடத்தில் அரைக் கிண்ணம் எண்ணெயை உட்கார வைப்பதற்கு ஆரோக்கியம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வடிவம் கொழுப்பிலிருந்து வரக்கூடாது, மாவாகப் பொடித்த பொருளிலிருந்து வரவேண்டும். வெயிலைத் தாங்கி நிற்கும் ஓர் இனிப்பு நமக்கு ஏற்கெனவே தெரியும்: முந்திரி கத்லி. அதே வழியில் போகலாம். 150 கிராம் முந்திரியைப் பொடியாக்குங்கள். 50 கிராம் உலர்ந்த தேங்காய்த் துருவலையும் தனியாகப் பொடித்துச் சேர்த்து, ஒரு சிட்டிகை உப்பு, 60 கிராம் தேன், நான்கைந்து சொட்டுப் பெப்பர்மிண்ட் எண்ணெய் விட்டுப் பிசையுங்கள். 25 சிறு வில்லைகள் வரும். தேன் முழுவதையும் ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். முந்திரியின் ஈரத்தைப் பொறுத்து ஒரு கரண்டி மிச்சப்படலாம்.

இதிலும் ஒரு சறுக்கல் உண்டு. முந்திரியை மிக்ஸியில் தொடர்ந்து ஓடவிட்டால் சூடேறி எண்ணெய் கக்கும். பொடி வராது, விழுதுதான் வரும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த முந்திரியை ஈரம் துடைத்து, விட்டுவிட்டுச் சுற்றி, சலித்து, கப்பியை மட்டும் மறுபடி போட்டு அரைக்க வேண்டும். பிசைவதும் அப்படித்தான். சேர்ந்துவந்தவுடன் நிறுத்திவிடுங்கள், கை சூட்டில் எண்ணெய் கசிந்தால் அதன்மேல் சாக்லேட் ஒட்டாது.

பச்சைப் புதினா

‘இயற்கையானது’ என்ற ஆசையில் புதினா இலையை அரைத்துச் சேர்ப்பவர்கள் இரண்டு விதத்தில் ஏமாறுவார்கள். இலையில் பெரும்பகுதி தண்ணீர். அந்த ஈரம் பூரணத்தைக் குழைத்து, இரண்டு நாளில் கறுத்து, சில நாளில் புளிக்கவும் வைக்கும். தேங்காய்ப் பால், பழக்கூழ், கொழகொழவென்று ஊறவைத்த பேரீச்சை ஆகியவற்றுக்கும் இதே விதிதான். ஈரம் சேர்ந்த பூரணத்தை மூன்று நாளுக்குள் தின்று தீர்ப்பதாக இருந்தால் செய்யுங்கள், டப்பாவில் அடைத்து ஊருக்கு அனுப்பாதீர்கள்.

இரண்டாவது ஏமாற்றம் சுவையில். துவையலுக்கு நாம் வாங்கும் புதினா வேறு, பெப்பர்மிண்ட் வேறு. நம் புதினாவின் மணம் கார்வோன் என்ற பொருளிலிருந்து வருகிறது; குளிர்ச்சி தரும் மென்தால் அதில் மிகக் குறைவு. பெப்பர்மிண்ட் என்பது நீர்ப் புதினாவும் ஸ்பியர்மிண்ட் வகையும் கலந்து பிறந்த கலப்பினம். அதன் எண்ணெயில் மென்தால்தான் தலையாயது. (மென்தாலுக்காகவே உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி வட்டாரத்தில் பயிரிடுவது இன்னொரு வகைப் புதினா.) வாய்க்குள் ‘ஜில்’லென்று இருப்பதற்கு மென்தால் வேண்டும். குளிரை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்றொரு புரத வாயில் இருக்கிறது. மென்தால் பட்டால் குளிரே இல்லாமல் அது திறந்துகொள்கிறது. 2002-இல் இதைத் தனித்தனியே கண்டறிந்தவர்கள் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும். வெப்பத்தையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆய்வுகளுக்காக 2021-இல் மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. துவையல் இலையை எத்தனை கட்டு அரைத்தாலும் அந்த வாயில் முழுதாகத் திறக்காது. வில்லை சட்னி வாசம்தான் அடிக்கும்.

எனவே பெப்பர்மிண்ட் எண்ணெய் அல்லது எசன்ஸ் வாங்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். எண்ணெய் மிகச் செறிவானது, அதைச் சொட்டுக் கணக்கில்தான் விடவேண்டும். எசன்ஸ் நீர்த்தது, அதற்குத் தேக்கரண்டிக் கணக்கு. எசன்ஸுக்குச் சொன்ன அரைத் தேக்கரண்டியை எண்ணெயில் அளந்து ஊற்றினால் அந்தப் பூரணத்தை யாரும் வாயில் வைக்க முடியாது. நறுமண சிகிச்சைக்கு என்று விற்கும் புட்டிகளையும் தொடாதீர்கள். உணவுக்கு உகந்தது என்று சீட்டில் இருக்க வேண்டும். எண்ணெயைத் தேனில் முதலில் கலக்கிவிட்டுப் பிறகு பொடியில் சேர்த்தால் ஒரு வில்லையில் காரமும் அடுத்ததில் வெறுமையுமாக இருக்காது. சூடாக எதிலும் விட வேண்டாம், மணம் ஆவியாகிவிடும். சுவை பார்த்துவிட்டு ‘போதவில்லை’ என்று உடனே இன்னும் இரண்டு சொட்டு விடுவதும் தப்பு. ஓர் இரவு கழிந்தால் மணம் தானாக ஏறும்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது. செறிந்த மென்தால் கைக்குழந்தைகளுக்கு மூச்சு முட்டலை உண்டாக்கக்கூடும் என்பதால் எண்ணெய்ப் புட்டியையும் எட்டாத இடத்தில் வையுங்கள். பெப்பர்மிண்ட், சாக்லேட் இரண்டுமே சிலருக்கு நெஞ்செரிச்சலைக் கிளப்பும்; இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இதைத் தேடுகிற பெரியவர்கள் கவனிக்கலாம்.

பெயரை மாற்றினால் சர்க்கரை போய்விடுமா?

தேன், நாட்டுச் சர்க்கரை, வெல்லம், மேப்பிள் பாகு எல்லாமே உடலுக்குச் சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தேனையும் பாகுகளையும் சேர்த்தே கணக்கிடுகிறது: நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள். ‘வெல்லம்தானே’ என்று இரண்டு மடங்கு போடுவது பழைய சர்க்கரையைவிட மோசம்.

மேலே சொன்ன அளவில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிராம் தேனில் சர்க்கரை ஏறக்குறைய 48 கிராம். 25 வில்லைக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 2 கிராம். மேலே பூசும் சாக்லேட்டில் இன்னொரு 2 கிராம். ஆக ஒரு வில்லைக்கு 4 கிராம், சுமார் 90 கலோரி. இதில் ஆரோக்கியம் என்று எதையாவது சொல்வதானால் வில்லையின் அளவைத்தான் சொல்வேன். ஐந்து வில்லை தின்றால் ஒரு வேளைச் சாப்பாடு உள்ளே போய்விட்டது.

வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். கடலோர ஊர்களில் பூரணம் கசிந்து சாக்லேட் ஓட்டை வெடிக்கச் செய்யும். கருப்பட்டி எனக்குப் பிடித்த பொருள், ஆனால் இதற்கு ஆகாது. அதன் புகை மணமும் பெப்பர்மிண்டும் சண்டை போடும். சர்க்கரை நோய்க்காரர்களுக்கென்று எரித்ரிட்டால் என்ற சர்க்கரை மாற்றைச் சேர்ப்பவர்கள் அதை மாவாகப் பொடித்துச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பல்லில் நறநறக்கும். கரையும்போது அதுவே நாவில் குளிர்ச்சி தரும் என்பதால் பெப்பர்மிண்டை ஒரு சொட்டுக் குறைக்கலாம். சைலிட்டால் என்ற இன்னொரு மாற்றைச் சேர்த்தால் வீட்டு நாயின் பக்கமே அந்தத் தட்டு போகக்கூடாது. மிகக் கொஞ்சமே நாயின் உயிருக்கு ஆபத்து. சாக்லேட்டும் நாய்க்கு ஆகாது.

சாக்லேட் பூசும் கட்டம்

கேக் பொருள் கடையில் ‘டார்க் காம்பவுண்ட்’ என்று கிடைக்கும் கட்டி, கோகோ பட்டருக்கு (கோகோ விதையின் கொழுப்பு) பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது. வேலைக்கு எளிது, பதப்படுத்தாமலே (அதாவது உருக்கி, அளவாக ஆறவிட்டுக் கிளறும் ‘டெம்பரிங்’ இல்லாமலே) இறுகும். ஆனால் பொருட்பட்டியலில் முதலில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரை. எடையில் அதிகமானதைத்தான் முதலில் போடுவார்கள். பூரணத்தில் பாடுபட்டுக் குறைத்ததை ஓட்டில் திருப்பிக் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. வேறு கொழுப்பு இல்லாமல் கோகோ பட்டர் மட்டும் சேர்ந்த, கோகோ 70 சதவீதம் உள்ள சாக்லேட் 150 கிராம் போதும். 85-க்குப் போனால் கசப்பும் மென்தாலும் சேர்ந்து இருமல் மருந்தை நினைவூட்டும்.

உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் கட்டி தட்டி மணல்போல ஆகிவிடும். அடியில் கொதிக்கும் நீரின் ஆவி கூடப் போதும். பாத்திரம் தண்ணீரைத் தொடாமலும் இடைவெளி இல்லாமலும் உட்கார வேண்டும். ஓட்டுக்கு இனிப்புப் போதாது என்று உருகிய சாக்லேட்டில் தேன் ஊற்றுகிறவர்களுக்கும் இதே கதிதான். தேனில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது. இளக்கத்துக்குத் தேங்காய் எண்ணெய் கலப்பது இன்னொரு பழக்கம். அது கோகோ பட்டரின் படிகங்களைக் கலைத்து ஓட்டை மென்மையாக்கிவிடும், விரலில் பிடித்தாலே கறை.

கடிக்கும்போது ‘டக்’கென்று முறிய வேண்டுமானால் பதப்படுத்த வேண்டும். கறுப்புச் சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை 45 டிகிரிக்கு உருக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, மிச்சத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு, 31 முதல் 32 டிகிரிக்கு வரும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் கீழுதட்டில் துளி வைத்துப் பார்க்கலாம். சற்றே குளிர்ச்சியாகத் தோன்றினால் சரி. கத்தி நுனியில் தொட்டு வைத்தது ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக இறுக வேண்டும். அறையே 33 டிகிரியில் இருந்தால் இது எதுவும் நடக்காது. ஏசி உள்ள அறைக்குப் போங்கள். வீட்டில் தின்பதற்கு மட்டும் என்றால் பதப்படுத்துவதை விட்டுவிட்டு உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, அங்கிருந்தே எடுத்துத் தின்னலாம். பளபளப்பும் முறிவும் கொஞ்சம் குறையும்.

ஃப்ரீசரில் கல்லாக்கிய பூரணத்தை முக்கி எடுப்பது வேகமான வழியாகத் தெரியும். பின்னர் உள்ளே இருப்பது குளிர் தெளிந்து விரியும்போது, அதற்குள் இறுகிச் சுருங்கிய ஓடு கீறல் விடும். பூரணம் தொட்டால் லேசாகக் குளிர்ந்திருந்தால் போதும். முள்கரண்டியில் தூக்கி, பாத்திர விளிம்பில் நாலு தட்டுத் தட்டி மிச்சத்தை வடியவிடுங்கள்; தட்டாமல் வைத்தால் அடியில் சாக்லேட் தேங்கிப் பாதம் முளைக்கும்.

சில நாளில் மேலே வெள்ளை பூத்தால் பூஞ்சை என்று தூக்கி எறிய வேண்டாம். வழவழப்பாக இருந்தால் கொழுப்பு மேலெழுந்தது, சொரசொரப்பாக இருந்தால் ஈரத்தில் சர்க்கரை கரைந்து படிந்தது. இரண்டுமே தின்னத் தக்கவை. ஆனால் பஞ்சுபோல மயிர் மயிராக வளர்ந்திருந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். ஈரப் படிவைத் தவிர்க்க, ஃப்ரிட்ஜிலிருந்து டப்பாவை மூடியபடியே எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். முந்திரிப் பூரண வில்லைகள் ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். அவற்றை மற்ற இனிப்புகளோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். மைசூர்பாகு பெப்பர்மிண்ட் வாசம் அடிக்கும். பிளாஸ்டிக்கைவிட எவர்சில்வர் நல்லது, கழுவினால் மணம் போய்விடும். யாருக்காவது கொடுப்பதானால் முந்திரி சேர்ந்தது என்று டப்பாவின் மேல் எழுதிவிடுங்கள்.