பழைய பிலிம் கேமராவைத் தனியாரிடம் இணையத்தில் வாங்குவது எப்படி? பினாங்கிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

தண்ணீர்மலைக் காவடிகளை வரும் தைப்பூசத்தில் பிலிமில் எடுக்க வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர்களைப் பினாங்கில் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. ஆனால் பெரிய நிறுவனங்கள் பிலிம் எஸ்.எல்.ஆர். கேமரா, அதாவது லென்ஸ் வழியாகவே பார்த்துப் படமெடுக்கும் கேமரா, செய்வதை நிறுத்தி ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே முடா, கேருசெல், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற இடங்களில், அப்பாவின் கேமராவை அலமாரியிலிருந்து எடுத்து விற்கும் யாரோ ஒருவரிடம்தான் பெரும்பாலும் வாங்க வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரமாக விற்பவர்களுக்கானது. வீட்டுச் சாமானை விற்கும் தனி ஆள் அதற்குள் வரமாட்டார். வாங்கிய மறுநாள் கேமரா ‘ஸ்பாயில்’ என்று தெரிந்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் போய் நிற்க முடியாது. அதனால் சோதனை முழுவதும் பணம் கொடுக்கும் முன்பே முடிந்தாக வேண்டும்.

படி 1: எந்த கேமரா?

முதல் கேமரா என்றால் இயந்திர ஷட்டர் (பிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் திரை) உள்ளதையே தேடுங்கள். பேட்டரி இல்லாவிட்டாலும் அது ஓடும். வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிக்கு மட்டுமே பேட்டரி வேண்டும். 1976 முதல் 1997 வரை செய்யப்பட்ட பென்டாக்ஸ் கே1000, 1982-இல் வந்த நிக்கான் எஃப்எம்2, ஒலிம்பஸ் ஓஎம்-1 ஆகியவை இந்த வகை. இவற்றில் கே1000 ஆகக் குறைந்த தொல்லை தருவது என்பது என் கருத்து. எஃப்எம்2 நொடியில் 4000-இல் ஒரு பங்கு வேகம் வரை போகும், ஆனால் விலையும் அதற்கேற்ப இருக்கும்.

கேனான் ஏஇ-1, மினோல்டா எக்ஸ்-700 இரண்டும் அருமையான கேமராக்கள்தான். ஆனால் அவற்றின் ஷட்டர் மின்னணு வகை. பேட்டரி இல்லையென்றால் அசையாது. உள்ளே சர்க்யூட் போய்விட்டால் சரிசெய்ய ஆள் கிடைப்பது கடினம். வாங்குவதானால் நல்ல பேட்டரியைப் போட்டு இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

ஓஎம்-1 வாங்குவோருக்கு இன்னொரு செய்தி. அதன் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அந்தப் பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவுள்ள 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் அளவு தப்பாகக் காட்டும். காதுக்கருவிக்குப் போடும் 1.4 வோல்ட் துத்தநாகக் காற்று பேட்டரியை ஒரு வளையத்தோடு பொருத்திப் பலர் சமாளிக்கிறார்கள்.

படி 2: விளம்பரத்தைப் படிப்பது

‘பெலும் டெஸ்ட்’, அதாவது இன்னும் சோதிக்கவில்லை என்று போட்டிருந்தால், ஓடாத கேமரா என்றே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சோதிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. விற்பவர் அதைச் செய்யாததற்குக் காரணம் இருக்கலாம். ஓடாத கேமராவுக்கு என்ன விலையோ அதை மட்டும் பேசுங்கள். வெறும் கேமரா உடலின் விலையா, லென்ஸும் சேர்த்தா என்பதையும் பாருங்கள். ஒரே மாடலுக்குப் பத்து விளம்பரங்களையாவது பார்த்து, ஏற்கனவே விற்றுப்போனவை என்ன விலையில் இருந்தன என்று குறித்துக்கொண்டால், நியாய விலை தானாகப் பிடிபடும். அதைவிடப் பாதி விலையில் ‘மின்ட்’, அதாவது புதிதுபோன்ற நிலையில் ஒன்று கிடைக்கிறதென்றால் மகிழ்ச்சி அடைய வேண்டாம்.

படி 3: “எங்கே வைத்திருந்தீர்கள்?”

எல்லாரும் முதலில் விலையைக் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது இதை. கேமரா இத்தனை வருடம் எங்கே இருந்தது?

பினாங்கின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 70 விழுக்காட்டுக்கு மேல்தான். 60-ஐத் தாண்டினாலே லென்ஸில் பூஞ்சை வளர வாய்ப்பு உண்டு. அதிலும் மோசமானது தோல் உறை. கேமராவைப் பத்திரமாக வைப்பதாக நினைத்துத் தோல் உறைக்குள் போட்டு, அதைத் துணி அலமாரியின் அடியில் வைத்துவிடுவார்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இருட்டும் காற்றோட்டமின்மையும் சேரும்போது பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. வெளியில் கீறலும் தேய்மானமுமாக இருக்கும் கேமரா, தினமும் வெளிச்சத்துக்கு வந்து ஓடிக்கொண்டிருந்தது என்றால் அதன் லென்ஸ் சுத்தமாக இருக்கலாம். பளபளவென்று புதிதுபோல் இருப்பது இருபது வருடம் உறையை விட்டு வெளியே வராததாக இருக்கலாம். “டிரை கேபினெட்டில் (ஈரம் அண்டாத பெட்டியில்) வைத்திருந்தேன்”, “மாதம் ஒரு முறையாவது எடுத்து ஓட்டுவேன்” என்று பதில் வந்தால் நல்ல அடையாளம்.

படி 4: ஆள் உண்மையா?

இன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதிய தாளைக் கேமரா பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். வரிசை எண் தெரியும்படி இன்னொரு படம். பொருள் கையில் உள்ளவருக்கு இது இரண்டு நிமிட வேலை. சாக்குச் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

‘ரிசர்வ்’ செய்ய டெபாசிட் கேட்டால் கொடுக்காதீர்கள், ஐம்பது வெள்ளியாக (ரிங்கிட்) இருந்தாலும் சரி. கூரியர் பக்கம், பணம் செலுத்தும் பக்கம் என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். ஏதாவது செயலியைப் பதிவிறக்கச் சொன்னால் பேச்சை நிறுத்திவிடுங்கள், அப்படித்தான் வங்கிக் கணக்கையே காலி செய்கிறார்கள். விற்பவரின் கைப்பேசி எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். அந்த எண்ணின் மேல் ஏற்கனவே புகார் வந்திருந்தால் காட்டும். ஒன்றும் காட்டவில்லை என்பதற்காக ஆள் நல்லவர் என்று முடிவுகட்டிவிட முடியாது, புகார் இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம்.

படி 5: நேரில் சந்திப்பது

“பொலே சி.ஓ.டி.?” என்று கேளுங்கள். நேரில் பார்த்து வாங்கலாமா என்று கேட்பதற்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பகல் நேரம், ஆட்கள் நடமாடும் இடம், பக்கத்திலேயே திறந்த வெளி. இந்த மூன்றும் வேண்டும். தீவில் என்றால் குயின்ஸ்பே மால் எனக்குப் பிடித்த இடம். உள்ளே உட்கார்ந்து பேசலாம், வெளியே வந்தால் கடலும் ஜெரெஜாக் தீவும் தெரியும், அது பிறகு சோதனைக்கு உதவும். விற்பவர் பெருநிலத்தில் இருந்தால் பட்டர்வொர்த்தில் பினாங்கு சென்ட்ரலுக்கு வரச் சொல்லுங்கள். இரவில் மாமாக் சாப்பாட்டுக் கடை விளக்கொளியில் கேமரா பார்க்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேமரா கோலாலம்பூரில் இருந்தால்? அங்கே உள்ள உறவினரையோ நண்பரையோ பார்க்கச் சொல்வது முதல் வழி. இ.டி.எஸ். ரயிலில் நீங்களே போய்வருவது இரண்டாவது. பொருள் கைக்கு வந்ததை நீங்கள் உறுதிசெய்யும் வரை பணத்தைப் பிடித்து வைக்கும் தளத்தின் வழியாக வாங்குவது மூன்றாவது. நேரடியாகக் கணக்குக்குப் பணம் போட்டுவிட்டு பார்சலுக்குக் காத்திருப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எடுத்துப் போக வேண்டியவை: கைப்பேசி, சின்ன டார்ச் லைட், அந்த மாடலுக்குரிய புதிய பேட்டரி, பேட்டரி மூடியைத் திறக்க ஒரு நாணயம்.

படி 6: லென்ஸ்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். விற்பவர் அவசரப்படுத்தினாலும், “அண்ணே, ஒரு பத்து நிமிஷம் பொறுங்க” என்று சொல்லிவிட்டு நிதானமாகப் பாருங்கள்.

லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றுங்கள். ஒளி நுழையும் துளையை (அபெர்ச்சர்) முழுவதுமாகத் திறந்து வையுங்கள், அதாவது லென்ஸ் வளையத்தில் எஃப் எண் ஆகச் சிறியதாக இருக்கட்டும். சில லென்ஸில் கழற்றியதும் துளை மூடிக்கொள்ளும், பின்னால் உள்ள சிறு நெம்பை நகர்த்தினால் திறக்கும். ஒரு பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாக உள்ளே விட்டு, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். அப்புறம் லென்ஸைத் திருப்பி அதையே செய்யுங்கள்.

சின்னச் சின்னப் புள்ளிகள் தூசி. பழைய லென்ஸ் எல்லாவற்றிலும் இருக்கும், படத்தைக் கெடுக்காது. சிலந்தி வலைபோல் இழை இழையாகக் கிளைத்துப் பரவியிருந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுவதும் மெல்லிய புகை படிந்ததுபோல் வெளிறியிருந்தால் மங்கல். இந்த மங்கலைச் சாதாரண வெளிச்சத்தில் கண்டுபிடிக்கவே முடியாது, டார்ச் ஒளியில்தான் தெரியும். படத்தில் எல்லாம் சாயம் போனதுபோல் வரும். பூஞ்சை ஓரத்தில் லேசாக இருந்தால் பிரித்துச் சுத்தம் செய்யலாம். ஆனால் நாளாகிவிட்டால் அது கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். இழையைத் துடைத்தாலும் தடம் போகாது. நடுப்பகுதியில் பூஞ்சை என்றால் அந்த லென்ஸுக்கு விலையே இல்லை என்று எடுத்துக்கொண்டு, கேமரா உடலுக்கு மட்டும் பேசுங்கள்.

அடுத்து, துளையை மூடித் திறக்கும் இதழ்கள். அவற்றில் எண்ணெய் மினுங்கினால் மெதுவாக மூடும், படம் வெளிச்சம் அதிகமாகிக் கெடும். பின்னால் உள்ள நெம்பை விரலால் தட்டிப் பாருங்கள், இதழ்கள் ‘சட்’டென்று பாய வேண்டும். கடைசியாக லென்ஸை மாட்டி, குவிய வளையத்தை முடிவிலிக் குறிக்குத் திருப்பி ஜெரெஜாக் தீவைப் பாருங்கள். கேமராவைக் குத்தாகத் திருப்பிப் பிடித்தால், நடுவில் பிளந்து தெரியும் வட்டம் உள்ள கேமராவில் அந்த வட்டத்தில் கரையின் கோடு ஒன்றாகச் சேர வேண்டும். சேரவில்லை என்றால் யாரோ பிரித்துத் தப்பாகப் பூட்டியிருக்கலாம்.

படி 7: உடல்

பின்கதவைத் திறங்கள். உள்ளே பிலிம் இல்லை என்று விற்பவரிடம் கேட்டுவிட்டுத் திறங்கள், யாரோ ஒருவருடைய குடும்பப் படம் அதில் இருக்கலாம். கதவு விளிம்பில் ஒளி புகாமல் அடைக்கும் ஃபோமை நகத்தால் தொடுங்கள். தார் மாதிரி ஒட்டினால் மாற்ற வேண்டும். மலிவான வேலைதான், விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம். ஷட்டர் திரையை மட்டும் விரலால் தொடவே தொடாதீர்கள்.

ஒரு நொடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வேகத்திலும் ஓட்டிப் பாருங்கள். மெதுவான வேகங்களில் எண்ணெய் இறுகிய கேமரா பாதியில் திணறும், ஒலியிலேயே தெரியும். இன்னும் துல்லியமாக வேண்டுமானால், லென்ஸைக் கழற்றிவிட்டுக் கேமராவை வானத்துக்குக் காட்டி, பின்பக்கத்திலிருந்து கைப்பேசியில் நொடிக்கு 240 சட்டகம் என்ற மெதுவியக்கக் காணொளி எடுங்கள். 30-இல் ஒரு பங்கு வேகத்தில் ஏறத்தாழ 8 சட்டகங்களில் ஒளி தெரிய வேண்டும், 60-இல் 4. அதற்கு மேல் உள்ள வேகங்களை இப்படித் துல்லியமாக அளக்க முடியாது. ஆனால் 1000-இல் ஒரு பங்கில் வைத்து வானத்தைப் பார்த்து ஓட்டும்போது, முழுச் செவ்வகமும் ஒரே அளவில் மின்னுகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒரு பக்கம் இருண்டிருந்தால் திரைகள் ஒன்றையொன்று முந்துகின்றன.

ஏஇ-1 ஓட்டும்போது ‘கீச்’ என்று இழுத்த சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். அந்த மாடலில் பரவலாக வரும் குறை அது, எண்ணெய் விட்டுச் சரிசெய்யலாம். தானாகப் படமெடுக்கும் டைமரை மட்டும் முடுக்காதீர்கள், பழைய கேமராவில் அது நடுவில் நின்று எல்லாவற்றையும் பூட்டிவிடக்கூடும்.

பேட்டரி அறையில் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கிறதா என்று பாருங்கள். லேசான படிவைக் காடி தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம்; கம்பியே அரித்துப் போயிருந்தால் வேண்டாம். சுத்தமாக இருந்தால் உங்கள் பேட்டரியைப் போட்டு, நல்ல வெயிலில் நிற்கும் புல்வெளியை நோக்குங்கள். பிலிம் வேகம் (ஐ.எஸ்.ஓ.) 100, துளை எஃப் 16, ஷட்டர் 125-இல் ஒரு பங்கு. கே1000, ஓஎம்-1 போன்ற ஊசி உள்ள கேமராவில் ஒளிமானி ஊசி நடுவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மேகமூட்டம் என்றால் கைப்பேசியில் ஒளிமானிச் செயலி ஒன்றை வைத்து ஒப்பிடுங்கள்.

படி 8: பணம்

இப்போதுதான் விலை பேச வேண்டும். கண்ட குறைகளை மரியாதையாகச் சொல்லுங்கள், கேமராவைக் குறைத்துப் பேசத் தேவையில்லை. வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் டியூட்நவ் சேவையில் அனுப்பும்போது உறுதிசெய்யும் முன் கணக்குக்காரர் பெயர் வரும், எதிரில் நிற்பவரின் பெயரும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு மாடல், வரிசை எண், விலை, தேதி எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பி, விற்பவரிடமிருந்து ‘ஓகே’ வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்குவது குற்றவியல் சட்டத்தின் 411-ஆவது பிரிவின்படி குற்றம். நீங்கள் நேர்மையாக வாங்கியதற்கு அந்த ஒரு வரி சாட்சி.

மீறி ஏமாற்றப்பட்டால், பணம் போன உடனே மோசடிப் புகார்களுக்கான தேசிய மையத்தின் 997 எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுவதற்குள் தடுக்க ஒரு வாய்ப்பு இருக்கும்.

படி 9: சோதனைச் சுருள்

வீட்டுக்கு வந்ததும் தோல் உறையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிகா ஜெல், சின்ன ஈரமானி, இவ்வளவு போதும். ஈரப்பதம் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும்.

தைப்பூசத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் குறைந்தது ஒரு மாதம் முன்பே வாங்குங்கள். முதல் சுருளை முக்கியமான எதற்கும் பயன்படுத்தாதீர்கள். பிலிமைப் போட்டு முன்னகர்த்தும்போது இடப்பக்கச் சுருட்டுக் குமிழ் கூடவே சுழல வேண்டும். சுழலாவிட்டால் பிலிம் மாட்டவில்லை. லெபோ பசார் கடைகளையும் பூமாலைகளையும் வெவ்வேறு வேகத்தில் எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் வேகத்தையும் துளையையும் குறித்து வையுங்கள். கழுவி வந்ததும் பாருங்கள். வண்ணப் படங்களின் ஓரத்தில் ஆரஞ்சு நிறக் கீற்று திரும்பத் திரும்ப வந்தால் ஃபோம் வழியாக ஒளி கசிகிறது. ஒரு படம் மற்றதன் மேல் ஏறியிருந்தால் முன்னகர்த்தும் பொறியில் கோளாறு. வேகமான படங்கள் மட்டும் ஒரு பக்கம் கறுத்திருந்தால் ஷட்டரைச் சரிசெய்ய வேண்டும்; அது வரை 250-இல் ஒரு பங்கைவிட மெதுவான வேகங்களில் எடுக்கலாம்.