விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றையும் ஒரே நெட்வொர்க்கில் இணைப்பது எப்படி

கணக்கு எழுத விண்டோஸ், டிசைன் வேலைக்கு ஒரு மேக், மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் சிஸ்டம். சின்ன ஆபீஸ்கள் பலவற்றில் இப்படித்தான் இருக்கிறது, வீடுகளிலும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் ஒரு ஃபைல் அடுத்த மேசைக்குப் போக வேண்டுமென்றால் பென் டிரைவை எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. மூன்று சிஸ்டங்களுக்கும் தெரிந்த பொது வழி ஒன்று இருக்கிறது, அதுதான் நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் எஸ்எம்பி (SMB). விண்டோஸில் அது கூடவே வருகிறது, ஆப்பிளும் 2013-இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து அதையே முதல் தேர்வாக வைத்துவிட்டது, லினக்ஸில் சம்பா என்ற இலவச மென்பொருள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

இணைப்பு கிடைக்கவில்லை என்றால் உடனே "லினக்ஸும் விண்டோஸும் ஒத்துப்போகாது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் ரவுட்டர், ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல்), பாஸ்வேர்ட் இந்த மூன்றில் ஒன்றில்தான் சிக்கல் இருக்கும், அதனால் அந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போவோம்.

முதலில் ஒரு முடிவு எடுங்கள். எல்லாக் கம்ப்யூட்டரும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஃபோல்டர் ஷேர் செய்வது வேண்டாம், ஒரு மாதத்தில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஏதாவது ஒரு மெஷினை ஃபைல் வைக்கும் இடமாக ஒதுக்கி, மற்றவை அதோடு இணையட்டும். என் தேர்வு அந்தப் பழைய உபுண்டு டெஸ்க்டாப். அதைக் கேபிள் போட்டு ரவுட்டரில் செருகுங்கள், தானாகத் தூங்கும் ஸ்லீப் வசதியை அணைத்துவிடுங்கள்.

அடுத்து ரவுட்டர். இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ரவுட்டர் ஒன்று, சிக்னல் பத்தவில்லை என்று நாமே வாங்கி அதன் பின்னால் மாட்டிய ரவுட்டர் இன்னொன்று என்று இரண்டு இருக்கும் இடங்களில்தான் பாதிப் பிரச்சினையும் வருகிறது. ஒரு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் முகவரி (ஐபி அட்ரஸ்) 192.168.1 என்று தொடங்கி, இன்னொன்றினுடையது 192.168.0 என்று தொடங்கினால் இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருப்பதாகவே பெரும்பாலும் அர்த்தம், இன்டர்நெட் இரண்டிலும் வருவதால் இது நம் கண்ணில் படுவதில்லை. இரண்டாவது ரவுட்டரைத் தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றினால் எல்லாம் ஒரே வலைக்குள் வந்துவிடும். கெஸ்ட் வைஃபையில் யாராவது இருந்தாலும் இதே கதிதான், அது உள்ளே இருக்கும் மற்ற மெஷின்களைப் பார்க்க விடாது.

அப்புறம், மெஷின்களுக்கு முகவரி கொடுக்கும் ரவுட்டரின் டிஎச்சிபி பகுதியில் உபுண்டு மெஷினுக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள், 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். இதைச் செய்யாவிட்டால் என்றைக்காவது கரண்ட் போய் வந்த பிறகு முகவரி மாறி, நேற்று வேலை செய்தது இன்று செய்யாது. விண்டோஸிலிருந்து அந்த முகவரிக்கு பிங் (மெஷின் பதில் தருகிறதா என்று சோதிக்கும் ping கட்டளை) கொடுத்துப் பாருங்கள், பதில் வந்தால் போதும். உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குக் கொடுத்தால் பதில் வராமல் போகலாம், விண்டோஸ் ஃபயர்வால் அதைத் தடுப்பது வழக்கம்தான், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

உபுண்டுவில் சம்பாவையும் நாட்டிலஸ் ஷேர் என்ற சின்னப் பேக்கேஜையும் நிறுவி, லாக்அவுட் செய்துவிட்டு மீண்டும் உள்ளே வாருங்கள். இப்போது ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்தால் ஷேர் செய்யும் ஆப்ஷன் இருக்கும். மற்றவர்கள் எழுதலாம் என்பதை டிக் செய்யுங்கள், கெஸ்ட் அனுமதியை டிக் செய்யாதீர்கள். இதற்கு மேல் ஒரு வேலை இருக்கிறது, பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்: சம்பாவுக்கென்று தனிப் பாஸ்வேர்ட் வேண்டும், உபுண்டுவில் லாகின் செய்யும் பாஸ்வேர்ட் அங்கே செல்லாது. டெர்மினலில் sudo smbpasswd -a என்று அடித்து, அதன் பின்னால் பயனர் பெயரைக் கொடுத்தால் புதிய பாஸ்வேர்ட் கேட்கும். லாகினுக்கு வைத்ததையே இங்கும் வைக்காதீர்கள். உபுண்டுவின் ஃபயர்வாலை நீங்கள் இயக்கி வைத்திருந்தால் அதில் சம்பாவை அனுமதிக்கவும்.

விண்டோஸில் இணைவது சுலபம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.50 என்று அடித்து என்டர் தட்டுங்கள், பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இடதுபக்கம் 'நெட்வொர்க்' பகுதியில் உபுண்டு தெரியவில்லையே என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், இப்போதைய விண்டோஸ் பக்கத்து மெஷின்களைக் கண்டுபிடிக்கும் முறையே வேறு, சம்பா தானாக அதற்குப் பதில் சொல்வதில்லை. முகவரி அடித்து ஃபோல்டர் திறந்துவிட்டால் அதை ஒரு டிரைவ் எழுத்தாக மேப் செய்துகொள்ளலாம். மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்ட் விசையோடு கே அழுத்துங்கள், எஸ்எம்பி என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு கோலன், இரண்டு ஸ்லாஷ், பிறகு அதே முகவரி. அவ்வளவுதான்.

பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் விண்டோஸ் மறுத்தால், முன்பு தப்பாகச் சேமித்த பாஸ்வேர்ட் கிரெடென்ஷியல் மேனேஜரில் உட்கார்ந்திருக்கும், அதை நீக்குங்கள். ஒரே மெஷினுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயனர் பெயர்களில் இணைவதையும் விண்டோஸ் ஏற்காது. விண்டோஸிலேயே ஃபோல்டர் ஷேர் செய்ய நினைக்கிறவர்கள் நெட்வொர்க் வகையைப் பப்ளிக்கிலிருந்து பிரைவேட்டுக்கு மாற்ற வேண்டும். திரையைத் திறக்கும் பின் எண் நெட்வொர்க்கில் செல்லாது, பாஸ்வேர்ட்தான் வேண்டும். அதற்கென்றே அந்த விண்டோஸில் ஒரு லோக்கல் பயனரை உருவாக்கிவிடுவது நல்லது.

இணையத்தில் தேடினால் "எஸ்எம்பி-1 என்ற பழைய முதல் பதிப்பை ஆன் செய்யுங்கள், ஃபயர்வாலை ஆஃப் செய்யுங்கள், பாஸ்வேர்டே வேண்டாம்" என்ற அறிவுரை நிறையக் கிடைக்கும். தயவுசெய்து கேட்காதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களை முடக்கிய வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைத் தானாக நிறுவுவதை நிறுத்தியது, சம்பாவும் 2019-இல் அதை அணைத்துவிட்டது. பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் இணைப்பை இப்போதைய விண்டோஸ் 11-இன் பெரும்பாலான பதிப்புகள் தாமாக ஏற்பதில்லை, அது நல்லதுக்குத்தான். ரவுட்டரில் எஸ்எம்பி பயன்படுத்தும் வாசலான 445 போர்ட்டை வெளி உலகுக்குத் திறந்துவிடும் வேலையையும் செய்யாதீர்கள்.

வேகம் குறைவாக இருந்தால் கேபிளைப் பாருங்கள். கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் நகரும், ஃபைல் 11 எம்பியிலேயே நின்றால் எங்கோ 100 மெகாபிட் போர்ட் இருக்கிறது, அல்லது கேபிளுக்குள் ஒரு கம்பி விட்டுப்போயிருக்கிறது.

ஃபைல் பெயர்களில் கேள்விக்குறி, கோலன், நட்சத்திரக்குறி வேண்டாம், லினக்ஸ் ஏற்கும் இந்தக் குறிகள் எதையும் விண்டோஸ் ஏற்காது. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்குகள் பிரித்தே வைக்கும். அங்கிருந்து லினக்ஸுக்கு வந்த 'கோப்பு' என்ற ஃபோல்டரும் விண்டோஸில் அடித்த 'கோப்பு' என்ற ஃபோல்டரும் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக நிற்கலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அப்படி ஆனால் ஒன்றின் உள்ளடக்கத்தை மற்றதில் போட்டுவிட்டு, மேக்கிலிருந்து வந்ததை அழித்துவிடுங்கள்.