அனிமேஷனை மறுபடி ஓட வைக்கும் பட்டன்

வலைப்பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் செய்த அனிமேஷன் ஒரு தடவை ஓடி நின்றுவிட்டால், திரும்பப் பார்க்க நினைக்கிறவர் பக்கத்தையே ரீலோட் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு ரீப்ளே பட்டன் வைத்துவிடுங்கள், ஜாவாஸ்கிரிப்ட்டில் மூன்றே வரிதான்.

பட்டனை அழுத்தியதும் அனிமேஷனுக்கான கிளாஸை (ஸ்டைலை இணைக்கும் பெயரை) எடுத்துவிட்டு உடனே திரும்பச் சேர்த்தால் போதும் என்றுதான் தோன்றும், ஆனால் ஒன்றுமே நடக்காது. ஏனென்றால் பிரவுசர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஸ்டைலைக் கணக்கிடுவதில்லை. ஸ்கிரிப்ட் முடிந்த பிறகு மொத்தமாகப் பார்க்கிறது, அதற்குள் கிளாஸ் பழையபடி வந்துவிட்டதால் எதுவும் மாறவில்லை என்று விட்டுவிடுகிறது. அதனால் எடுப்பதற்கும் சேர்ப்பதற்கும் நடுவே அனிமேஷன் ஓடும் எலிமென்ட்டின் அகலமான ஆஃப்செட்விட்த்தை (offsetWidth) ஒரு தரம் படியுங்கள். வருகிற எண்ணை எங்கேயும் பயன்படுத்த வேண்டாம், கேட்டாலே போதும்: அகலத்தைச் சொல்வதற்காக பிரவுசர் அந்த இடத்திலேயே லேஅவுட்டைக் கணக்கிட்டாக வேண்டும், கிளாஸ் போனதும் அதற்குத் தெரிந்துவிடும்.

அப்புறம், பட்டனை முதலில் மறைத்து வைத்து, அனிமேஷன் முடிந்ததைச் சொல்லும் அனிமேஷன்எண்ட் (animationend) நிகழ்வு வந்ததும் காட்டுங்கள். முடிவில்லாமல் சுற்றும் அனிமேஷனுக்கு அந்த நிகழ்வு வராது, அதற்கு ரீப்ளே தேவையும் இல்லை. டிவ் என்ற வெறும் பெட்டி டேக்கை வைத்து ஒப்பேற்றாமல் நிஜமான பட்டன் டேக்கையே போடுங்கள், கீபோர்டை மட்டும் பயன்படுத்துகிறவர்களும் அழுத்தலாம்.