எத்தனை ஜிபி ராம் போடலாம்? கடைக்குக் கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை என்று எந்த ஊர் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: “அண்ணே, சிஸ்டம் ஸ்லோவா இருக்கு. எத்தனை ஜிபி போட்டா சரியாவும்?” கேட்பது ராமை, அதாவது ஓடும் நிரல்கள் தங்கும் தற்காலிக இடத்தை. பெட்டியைப் பார்க்காமலே பதினாறு என்று பதில் வரும். அது சரியாகவும் இருக்கலாம், ஆனால் வெறும் ஊகம். உங்களுக்கு வேண்டிய எண் உங்கள் கணினியிலேயே தெரியும். அதைப் பார்க்காமல் பணத்தை எடுப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கின்றன.

வழக்கமாகச் செய்யும் வேலைகளில் கனமான நேரம் எதுவோ அதை உருவாக்குங்கள். பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு டேப், துபாயிலிருந்து வரும் வீடியோ கால், எக்செல், பிள்ளையின் பிராஜெக்ட் ஃபைல், எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருக்கட்டும். இப்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி.

எல்லாரும் பார்ப்பது மேலே உள்ள சதவீதத்தை. பார்க்க வேண்டியது கீழே ‘கமிட்டட்’ என்று இருக்கும் இரட்டை எண்ணை. 11.2/14.8 என்று இருந்தால், முதல் எண் நிரல்கள் கேட்டு வாங்கி வைத்திருக்கும் இடம். இரண்டாவது எண், ராமும், ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலும் சேர்ந்த எல்லை. 8 ஜிபி ராம் உள்ள கணினியில் முதல் எண் 9 காட்டினால் பதற வேண்டாம். கேட்டு வாங்கிய இடம் முழுவதையும் எந்த நிரலும் உடனே தொடுவதில்லை. அதுவே 12, 13 என்று ஏறி, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, மவுஸ் நகரவே திணறினால் ராம் போதவில்லை என்று பொருள்.

இன்னும் சந்தேகம் இருந்தால் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பக்கத்தில் ‘ஹார்ட் ஃபால்ட்ஸ்’ வரைபடத்தைப் பாருங்கள். புதிதாக ஒரு நிரலைத் திறக்கும்போது அது எகிறி அடங்குவது இயல்பு. எதையும் புதிதாகத் திறக்காதபோதும் நொடிக்கு நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தால், விண்டோஸ் ராமில் இடமில்லாமல் டிஸ்க்குக்கும் ராமுக்குமாக அலைகிறது.

சதவீதத்தைப் பார்த்து ஏமாறுவது தனித் தவறு. 60, 70 சதவீதம் என்றதும் நிறைந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அடிக்கடி பயன்படும் ஃபைல்களை மிச்ச ராமில் வைத்துக்கொள்வது விண்டோஸின் பழக்கம். வேறு நிரல் கேட்டால் அந்த இடத்தை உடனே விட்டுக்கொடுக்கும். காலியாகக் கிடக்கும் ராமால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. ‘ராம் கிளீனர்’ மென்பொருள்கள் செய்வது இந்த ஏற்பாட்டைக் கலைப்பதுதான். எண் சற்று நேரம் அழகாகக் குறையும், பிறகு எல்லாம் டிஸ்க்கிலிருந்து மறுபடி ஏறும். பேஜ் ஃபைலை அணைத்தால் வேகம் கூடும் என்பதும் இதே ரகம். எல்லை சுருங்கி, நிரல்கள் சொல்லாமல் மூடிக்கொள்வதுதான் மிச்சம்.

சி டிரைவ் சிவப்பாகிவிட்டது என்று ராம் வாங்க வருகிறவர்களும் உண்டு. அது ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க் நிறைந்த ஸ்டோரேஜ் சிக்கல். ராமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செல்போன் விளம்பரங்கள் இரண்டையும் ‘மெமரி’ என்றே அழைத்துப் பழக்கிவிட்டன.

பழைய ஹார்டு டிஸ்க்கை விட்டுவிட்டு ராமைக் குறை சொல்வது

எங்கள் கணிப்பில் அதிகப் பணம் வீணாவது இங்கேதான். 8 ஜிபி ராமும் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் உள்ள கணினியில் விண்டோஸ் 10 அல்லது 11 ஓடினால், ஆன் ஆகி நிதானத்துக்கு வரவே பல நிமிடம் ஆகும். அதில் இன்னொரு 8 ஜிபி போட்டாலும் ஆன் ஆகும் நேரம் அப்படியே இருக்கும். அதே பணத்தில் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போட்டால் வித்தியாசம் முதல் தடவையே தெரியும். 4 ஜிபியும் ஹார்டு டிஸ்க்கும் என்றால் இரண்டும் வேண்டும். ஒன்றுக்குத்தான் காசு என்றால் முதலில் எஸ்எஸ்டி. பேஜ் ஃபைல் அதில் இருந்தாலே பாதித் திணறல் குறையும்.

அலுவலகங்கள் கழித்துவிட்ட நான்காம் தலைமுறை ஐ5 கணினிகளை மலிவாக வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அந்தப் பழைய பெட்டிக்கு வாங்கும் டிடிஆர்3 என்ற பழைய வகை ராம், அடுத்து வாங்கும் கணினியில் பொருந்தாது. எனவே 8 ஜிபிக்கு மேல் அதில் கொட்டாதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுக்கொண்டால் 4 ஜிபியிலேயே வீட்டு வேலை ஓரளவு நடக்கும்.

வேலையைச் சொல்லாமல் அளவு கேட்பது

விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. நிறுவ அது போதும். வேலை செய்யப் போதாது. யூடியூப், வீடியோ கால், வங்கி வேலை, வேர்டு, டேலியில் கடைக் கணக்கு என்றால் 8 ஜிபி போதுமானது. ரப்பர் ஷீட் கொள்முதல் பில் போடும் குலசேகரம் கடைக்கு 16 ஜிபி கணினியை விற்பவர் தன் லாபத்தைத்தான் பார்க்கிறார். ஆனால் புதிதாக வாங்குகிறீர்கள், ஐந்தாறு ஆண்டு வைத்திருப்பீர்கள், ராமைப் பிறகு கூட்ட வழியில்லாத மாடல் என்றால் 16 நியாயமான அளவு.

பொறியியல் படிக்கும் பிள்ளைகள் கதை வேறு. போன் ஆப் உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ தனியாக ஓட 8 ஜிபி, எமுலேட்டரோடு (கணினிக்குள் ஓடும் போலி போன்) 16 ஜிபி என்பது கூகுளே சொல்லும் அளவு. விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) ஓட்டுகிறவர்கள் அதற்கு ஒதுக்கும் ராமைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்: 4 ஜிபி ஒதுக்கினால் மீதியில்தான் விண்டோஸும் பிரவுசரும் பிழைக்க வேண்டும்.

கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டூடியோக்காரர்கள் கணக்கைப் போட்டே பார்க்கலாம். 12க்கு 36 அங்குல ஷீட், 300 டிபிஐ. அகலம் 10,800 பிக்சல், உயரம் 3,600 பிக்சல், மொத்தம் 3.88 கோடி பிக்சல். ஒரு பிக்சலுக்கு மூன்று பைட் என்றால் ஷீட் முழுதும் நிறைந்த ஒரு லேயருக்கே சுமார் 117 எம்பி. இருபது லேயர் என்றால் 2.3 ஜிபி. அதற்கு மேல் ஒவ்வொரு அன்டூவுக்கும் ஃபோட்டோஷாப் பழைய நிலையை வைத்துக்கொள்ளும். மூன்று ஷீட்டை ஒன்றாகத் திறந்தால் 16 ஜிபி மூச்சு வாங்கும். அவர்களுக்கு 32 ஆடம்பரமில்லை.

8 ஜிபி என்று வாங்கினால் 8 ஜிபியும் உங்கள் கையில் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் திரைக்கான இடமும் ராமிலிருந்தே போகிறது. டாஸ்க் மேனேஜரில் ‘ஹார்ட்வேர் ரிசர்வ்ட்’ என்று வருவது அது. சில ஏஎம்டி ரைசன் மடிக்கணினிகளில் 2 ஜிபி வரை போய், 5.9 ஜிபிதான் பயனுக்கு என்று காட்டும். பழைய கணினியில் 8 ஜிபி போட்டும் 3 சொச்சம்தான் பயனாகிறது என்றால் விண்டோஸ் 32 பிட்டாக இருக்கும். 64 பிட்டுக்கு மாறாமல் மேலே எத்தனை போட்டாலும் பயனில்லை.

ஸ்லாட்டைப் பார்க்காமல் ஸ்டிக் வாங்குவது

டாஸ்க் மேனேஜரின் அதே பக்கத்தில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ இருக்கிறது. ஸ்லாட் என்பது ராம் ஸ்டிக்கைச் செருகும் இடம். 1/2 என்றால் ஓர் இடம் காலி. ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற இடத்தில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று வந்தால் ராம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே சால்டர் செய்து பற்றவைக்கப்பட்டது. கூட்ட முடியாமல் போகலாம். மெல்லிய மடிக்கணினிகளில் இது சர்வ சாதாரணம். நம்பாவிட்டால் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். அதைச் செய்யாமல் ஆன்லைனில் ஸ்டிக் வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்ப அலைபவர்கள் நிறைய.

டிடிஆர்3, 4, 5 ஒன்றுக்கொன்று பொருந்தாது. வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருக்கும், மின்னழுத்தமும் 1.5, 1.2, 1.1 வோல்ட் என்று மாறும். அமுக்கினால் ஸ்லாட்தான் உடையும். டிடிஆர்3 மடிக்கணினிகளில் இன்னொரு பொறி உண்டு. சில மாடல்கள் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும். சாதா டிடிஆர்3 போட்டால் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், திரை மட்டும் வராது. ஆறாம் தலைமுறை இன்டெல் என்றால் டிடிஆர்4 என்று முடிவுகட்டவும் கூடாது. அதற்கான எச்110 மதர்போர்டுகளில் டிடிஆர்3 வகையும் விற்றது.

நம்பவே முடியாத விலைக்கு வரும் டிடிஆர்3 ஸ்டிக்குகளின் விவரத்தை முழுதாகப் படியுங்கள். ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று எங்கோ சிறிய எழுத்தில் இருக்கும். அந்தச் சிப் அமைப்பை இன்டெல் போர்டுகள் ஏற்காது. எச்61, எச்81 போன்ற இரண்டு ஸ்லாட் போர்டுகளில் உச்சவரம்பே 16 ஜிபிதான்.

16 வேண்டும் என்றால் ஒரே 16ஆ, இரண்டு 8ஆ? கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு இரண்டு 8. இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் டூயல் சேனலில் திரைக்கான வேலையும் வேகமாகும், விளையாட்டில் நன்றாகவே தெரியும். நாலு ஸ்லாட் போர்டில் அவற்றைப் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். போர்டு கையேட்டில் படம் இருக்கும். வேகம் வேறான இரண்டு ஸ்டிக்கைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். அதனால் கெடுதல் இல்லை, வேகத்துக்குக் கொடுத்த காசுதான் போச்சு.

கடற்கரை வீடுகளில்: புதிது வாங்கும் முன் பழையதைத் துடைத்துப் பாருங்கள்

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி பக்கம் உப்புக் காற்று. மாவட்டத்துக்கு ஆனி, ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. சில வாரம் ஓட்டாமல் வைத்த கணினி பீப் பீப் என்று கத்தி, திரை வராமல் நின்றால், உடனே ராம் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். தங்கப் பூச்சுள்ள முனைகளிலும் ஸ்லாட் ஊசிகளிலும் படலம் படிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். மடிக்கணினி என்றால் பேட்டரி இணைப்பையும் கழற்ற வேண்டும். பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்ட பிறகே ஸ்டிக்கை எடுங்கள். பென்சில் அழிப்பானால் முனைகளை மெதுவாக ஒரே திசையில் தேய்த்து, துகளைச் சுத்தமான பிரஷ்ஷால் தட்டுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், தங்கப் பூச்சு போய்விடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே இறங்கும். திரும்பப் போடும்போது இருபக்கக் கொக்கியும் ‘டக்’ என்று விழ வேண்டும். பாதி அமர்ந்த ஸ்டிக்தான் “புது ராமும் வேலை செய்யல” என்ற புகாருக்கு வழக்கமான காரணம்.

டிடிஆர்5 போட்டு முதன்முறை ஆன் செய்யும்போது சில நிமிடம் திரை இருட்டாகவே இருக்கலாம். போர்டு ராமைப் பழகிக்கொள்கிறது; நடுவில் அணைக்காதீர்கள்.

விண்டோஸ் வந்ததும் அளவு சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அன்றிரவே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து ஓட விடுங்கள். இலவசப் பதிப்பே நாலு சுற்று ஓடும். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஸ்டிக்கை மாற்றச் சொல்லுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள், ஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண் தாளை உரிக்காதீர்கள். அது இல்லாவிட்டால் வாரண்டி கேட்பது கஷ்டம்.