தால் ஏரிக்கு எந்த மாதம் போகலாம்? முதல்முறை ஸ்ரீநகர் போகிறவர்களுக்கு

ஸ்ரீநகர் போவது என்று வீட்டில் முடிவானதுமே எல்லோரும் விமான டிக்கெட் விலையைத்தான் பார்க்கிறார்கள். அதை மூன்றாவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மாதம். ஏப்ரலில் பூவாக இருக்கும் தால் ஏரிக்கரையும், ஜனவரியில் ஓரமெல்லாம் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கும் அதே கரையும் இரண்டு வேறு ஊர்கள். எடுத்துப் போகும் துணி, தங்கும் இடம், வண்டி, செலவு எல்லாமே மாதத்தைப் பொறுத்து மாறும்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

பூக்கள்தான் வேண்டும் என்றால் வசந்தம். மார்ச் நடுவில் பாதாம்வாரி தோட்டத்தில் பாதாம் மரங்கள் பூக்கும். மார்ச் கடைசியில் ஜபர்வன் மலையடிவாரத்தில் துலிப் தோட்டத்தைத் திறப்பார்கள். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட கிழங்குகள் நட்டிருந்தாலும் பூ நிற்பது மூன்று, நான்கு வாரம்தான். திறக்கும் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் ஏப்ரல் முதல் பாதியைக் குறி வைப்பது நல்லது. இந்த மாதங்களில் மழையும் பெய்யும், குடை அவசியம்.

மே, ஜூனில் ஸ்ரீநகரிலிருந்து போய்வரும் மலை ஊர்களான குல்மார்க், சோனாமார்க், பஹல்காம் எல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்கும். கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் ஏரியில் தாமரை பூக்கும், ஆனால் குளிரை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்: 2024, 2025 ஜூலையில் நகரத்தில் 35 டிகிரியைத் தாண்டிய நாட்கள் உண்டு. அமர்நாத் யாத்திரையும் இதே சமயத்தில் நடப்பதால், யாத்திரை வண்டிகள் கடக்கும்வரை சாலையில் காத்திருக்க நேரும்.

என்னைக் கேட்டால் அக்டோபர் கடைசி வாரமும் நவம்பர் முதல் வாரமும்தான். சினார் மரத்தின் இலை மஞ்சள், செம்பழுப்பு, நெருப்பு நிறம் என்று மாறும். ஷாலிமார், நிஷாத் தோட்டங்களில் பார்க்கலாம். காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் நசீம் பாக்கில் இன்னும் நன்றாக இருக்கும். அங்கே முழுக்க சினார்தான், நடக்க நடக்கக் காலடியில் இலை நொறுங்கும். அதே நாட்களில் நகரத்துக்குத் தெற்கே பாம்போரில் குங்குமப்பூ அறுவடை நடக்கும். காலையிலேயே போய்விடுங்கள். தரையை ஒட்டி மலர்ந்திருக்கும் ஊதாப் பூக்களை, வெயில் ஏறும் முன் குனிந்தபடியே பறித்துக் கூடையில் போடுவார்கள். ஒரு பூவில் மூன்றே மூன்று சிவப்பு இழைகள். ஒரு கிலோவுக்கு ஒன்றரை லட்சம் பூக்கள் வரை தேவைப்படும் என்பது வயலில் நின்று பார்க்கும்போதுதான் உறைக்கும். பகலில் ஒரு ஸ்வெட்டர் போதும், இரவில் நல்ல குளிர்.

பனி பார்க்க வேண்டுமா? டிசம்பர் 21-ல் ‘சில்லை கலான்’ தொடங்கும், கடுங்குளிரின் 40 நாட்கள். அதன் பிறகு 20 நாள் ‘சில்லை குர்த்’, 10 நாள் ‘சில்லை பச்சா’. இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும், குழாயில் தண்ணீர் உறையும். ஊர்க்காரர்கள் ஃபெரன் என்ற நீண்ட அங்கிக்குள் காங்கிரியை வைத்திருப்பார்கள். பிரம்பு பின்னிய சிறு மண்சட்டி, அதில் கரித்தணல். அதிகாலையில் பழைய நகரத்துக் கடைகளில் ஹரீசா கிடைக்கும். ஆட்டிறைச்சியை இரவெல்லாம் வேகவைத்து மசித்தது, அசைவம் சாப்பிடுகிறவர்கள் தவறவிட வேண்டாம்.

படி 2: தங்குமிடம்

குறைந்தது ஐந்து இரவுகள் ஒதுக்குங்கள். அதில் இரண்டு படகு வீட்டில், மீதி கரையில் உள்ள ஓட்டலில். தாலில் சந்தடி அதிகம், அமைதி வேண்டுமென்றால் பக்கத்திலேயே உள்ள நிகீன் ஏரி. முன்பதிவுக்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தப் படித்துறையிலிருந்து ஏற வேண்டும்? கரைக்குப் போய்வர ஷிகாரா படகுக் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா? அறையைச் சூடாக்க என்ன இருக்கிறது? குளிர்காலத்தில் மூன்றாவது கேள்விதான் முக்கியம். பெரியவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால், ஜனவரியில் படகு வீட்டைத் தவிர்த்து, தரைக்கடியில் விறகு எரித்துக் கல்தளத்தைச் சூடாக்கும் ஹமாம் அறை உள்ள இடமாகத் தேடுங்கள்.

படி 3: போகும் வழி

2025 ஜூனிலிருந்து ஜம்மு பக்கத்தில் உள்ள கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே வந்தே பாரத் ரயில் ஓடுகிறது, சுமார் மூன்று மணி நேரம். ஆற்றுக்கு 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலம் இந்த வழியில்தான். கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒருமுறை கிளம்பும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கட்ரா வரை போகும், நேரம் இருப்பவர்களுக்கு அருமையான வழி. விமானம் என்றால் டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தாலும் பனிப்பொழிவாலும் ரத்தாகும். திரும்பும் பக்கம் ஒரு நாளைக் கையிருப்பாக வையுங்கள்.

படி 4: கிளம்பும் முன்

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்க வேண்டும். குல்மார்க் கேபிள் காருக்கு ஆன்லைனில் முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள். பலத்த காற்று வீசினால் மேலே போகும் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள், அதனால் குல்மார்க்கைப் பயணத்தின் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். பஹல்காமில் ஆரு, பேதாப் பள்ளத்தாக்குகளுக்கு உள்ளூர் சங்கத்து வண்டிதான் எடுக்க வேண்டும், இதற்குத் தனிச் செலவு. 2025 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகு பல இடங்களை மூடி, பிறகு படிப்படியாகத் திறந்தார்கள். எந்த இடம் திறந்திருக்கிறது என்று அந்த வாரத்தில் கேட்டுக்கொள்வது அவசியம்.

படி 5: ஏரிக்கு ஒரு விடியற்காலை

எந்த மாதம் போனாலும் இதை விடாதீர்கள். முதல்நாள் இரவே ஷிகாராக்காரரிடம் பேசி வைத்து, இருட்டோடு கிளம்பினால் மிதக்கும் காய்கறிச் சந்தையைப் பார்க்கலாம். ஏரியிலேயே மிதக்கும் தோட்டங்களில் விளைந்த கீரை, முள்ளங்கி, நத்ரு எனப்படும் தாமரைத்தண்டு எல்லாம் படகுக்குப் படகு கைமாறும். வெயில் ஏறும் முன் எல்லாம் முடிந்துவிடும். ஷிகாராவுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் உண்டு, அதைக் கேட்டு, ஏறும் முன்பே பேசி முடியுங்கள்.

அப்புறம், ஊர் திரும்பும் நாளில் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். விமான நிலைய வாசலுக்கு வெகு முன்பே சாலையில் வண்டியை நிறுத்திப் பெட்டிகளை இறக்கி ஒரு சோதனை நடக்கும். உள்ளே மறுபடியும் சோதனை உண்டு.