சிட்டாவைக் குழுவில் போடுவதற்கு முன்

சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் டெல்டா கிராமத்து வாட்ஸ்அப் குழுக்களைத் திறந்தால், நெல்லின் ஈரப்பதத்தைப் பற்றிய புலம்பலுக்கு நடுவே, யாராவது ஒருவர் தம்முடைய சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (பயிர்ப் பதிவு), ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகிய நான்கையும் படமெடுத்துப் போட்டிருப்பதைக் காணலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையப் பதிவுக்கு அவை தேவைதான். ஆனால் கேட்டவர் ஒருவர். பார்ப்பவர்களோ குழுவிலுள்ள அத்தனை பேரும். இந்த நான்கும் ஒருவன் கையில் சேர்ந்துவிட்டால், வங்கியிலிருந்து பேசுவதாக அழைப்பவன் நம் புல எண்ணையே சொல்லி நம்மை நம்ப வைத்துவிடுவான்.

ஆகவே ஆவணத்தை நேரில் கொடுப்பதே முதல் வழி. இயலாதபோது கேட்டவருக்கு மட்டும் தனியாக அனுப்பி, நகலின் குறுக்கே ‘நெல் கொள்முதல் பதிவுக்கு மட்டும்’ என்று தேதியுடன் எழுதிவிடுங்கள். முழு எண் கட்டாயமில்லாத இடங்களில், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையதளத்திலிருந்து இறக்கிக் கொடுக்கலாம். இறக்கிய கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம்; பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அந்தக் கடவுச்சொல். தவறிக் குழுவில் போட்டுவிட்டால் உடனே ‘அனைவருக்கும் நீக்கு’ என்பதை அழுத்துங்கள். ஆனால் அதற்குள் பலருடைய கைப்பேசியில் அந்தப் படம் தானாகவே சேமிக்கப்பட்டிருக்கக்கூடும்.

ஆதாரின் அதிகாரபூர்வச் செயலியில் கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதி உண்டு. பூட்டியபின் ரேஷன் கடையில் விரல் வைக்கப் போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையேல் வரிசையில் நின்று வெறுங்கையுடன் திரும்புவார்கள். பி.எம். கிசான் உதவித்தொகைத் திட்டத்தின் பெயரில் வரும், கைப்பேசியில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்புகளை, அனுப்பியவர் உறவினரே ஆனாலும், திறக்கக் கூடாது. பணம் பறிபோனால் பரிவர்த்தனை எண்ணுடன் இணையக் குற்றப் புகார் எண்ணான 1930ஐ அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக்கொண்டே போகும் என்பதால் இதில் ஒரு மணி நேரத் தாமதமும் பெரிது.

குழுக்களில் கண்டவர்கள் நம்மைச் சேர்ப்பதைத் தடுக்க, வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமை, குழுக்கள் என்று சென்று ‘எனது தொடர்புகள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். வீட்டைப் பூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கோ திருநள்ளாற்றுக்கோ செல்பவர்கள், படங்களைத் திரும்பி வந்தபின் ஸ்டேட்டஸில் வைக்கலாம்.

ஆவணங்களைவிட என்னை அதிகம் உறுத்துவது மஞ்சள் நீராட்டு விழாப் படங்கள்தான். பெண்ணின் பெயர், படிக்கும் பள்ளி, வீட்டு முகவரி எல்லாம் அச்சிட்ட அழைப்பிதழை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், முகமறியாதவர்கள் இருக்கும் குழுக்களிலும் நாம் பரப்புகிறோம். அவளுடைய வகுப்புத் தோழர்கள் அதைப் பார்ப்பார்கள் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. அழைப்பை உறவினர்களுக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். எந்தப் படத்தை வெளியிடலாம் என்பதை அவளே முடிவு செய்யட்டும். படங்களைத் தம் சமூக வலைதளப் பக்கத்தில் விளம்பரமாக வெளியிடக் கூடாதென்று புகைப்படக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். தாய்மாமனிடம் இதைச் சொல்வதானால் சீர்வரிசை வருவதற்கு முந்தைய நாளே சொல்லிவிடுவது நல்லது. பந்தலில் வைத்துச் சொன்னால் மனவருத்தமாகிவிடும்.