தங்கமீனுக்குச் சுகமில்லையா? மருந்துக்கு முதல் தண்ணீரைப் பாருங்கள்

தங்கமீன் சாப்பிடவில்லை, மேலே வந்து வாயை வாயைத் திறக்கிறது, ஒரு மூலையில் செட்டையை ஒடுக்கிக்கொண்டு கிடக்கிறது என்றவுடன் கனபேர் போனை எடுத்துத் தேடி, முதலில் கண்ணில் படுகிற மருந்தை வாங்கித் தொட்டிக்குள் ஊற்றிவிடுகிறார்கள். அந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் 20 பாகை (செல்சியஸ்) தண்ணீரில் மீன் வளர்க்கிறவர்கள் எழுதியவை. வன்னியில் சித்திரை, வைகாசியில் நம்முடைய தொட்டித் தண்ணீர் 30, 32 பாகைக்குப் போகும். கிணற்றுத் தண்ணீரோ பல இடங்களில் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிற அளவுக்குக் கடினமானது. இந்தச் சூடும் இந்தத் தண்ணீரும் நோயின் போக்கையும் மாற்றும், மருந்து வேலை செய்கிற விதத்தையும் மாற்றும். அதனால் நம் ஊருக்கு ஏற்ற மாதிரி இதை எழுதுகிறேன்.

கடினத் தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தங்கமீனுக்கு அது பிடிக்கும். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. மீன் பூவாலும், அதாவது செவுளாலும், கழிவாலும் அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் நிற்கும், ஒன்று ஓரளவு சாது, மற்றது நஞ்சு. தண்ணீரின் பிஎச், அதாவது அமில காரத் தன்மையின் அளவு, 7 இலிருந்து 8 ஆகும்போது நஞ்சான பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு கூடும், சூடு ஏற ஏற இன்னும் கூடும். நம் கிணறுகளில் 8 க்குக் கிட்டப் போகிற தண்ணீர் புதினமில்லை. அதோடு 20 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீரில் 9 மில்லிகிராம் அளவு ஒட்சிசன் கரையும், 32 பாகையில் 7.3 தான். ஆக வெளிநாட்டுக்காரர் ஒருவரின் தொட்டியில் மீன் தாக்குப்பிடிக்கிற அதே ஊத்தை இங்கே மீனைக் கொல்லும். தங்கமீன் வேறு, மற்ற மீன்களைவிடக் கூடத் தின்று கூடக் கழிக்கிற சாதி.

அதனால் மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால் முதல் வேலை மருந்தில்லை. எயார் பம்பைக் கூட்டுங்கள், பாதித் தண்ணீரை மாற்றுங்கள், அன்றைக்குச் சாப்பாட்டை நிறுத்துங்கள். அமோனியாவையும், அதிலிருந்து பற்றீரியா உண்டாக்குகிற நைத்திரைற்று என்கிற இன்னொரு நஞ்சையும் பார்க்கிற சொட்டு மருந்து ரெஸ்ற் கிற் ஒன்று வீட்டில் இருந்தால் பெரிய உதவி. உள்ளூரில் கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம், மருந்துப் போத்தல் நாலைந்து வாங்குகிற காசுக்கு அது மேல். அமோனியா, நைத்திரைற்று இரண்டும் பூச்சியத்தில் நிற்க வேண்டும். புதுத் தொட்டி என்றால் ஒன்று முதல் ஒன்றரை மாதம் வரை பூச்சியத்துக்கு வராது, ஏனென்றால் கழிவைத் தின்கிற நல்ல பற்றீரியா இன்னும் வடிகட்டி ஸ்பொஞ்சில் குடியேறவில்லை. அந்தக் காலம் முழுக்க இரண்டு நாளைக்கொரு தடவையாவது தண்ணீர் மாற்றித்தான் ஆக வேண்டும். ஸ்பொஞ்சை ஒருநாளும் குழாயடியில் பிழிந்து கழுவாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலசினால் போதும்.

பூவையும் பாருங்கள். சந்தையில் மீன் வாங்கும்போது பூவைத் தூக்கிப் பார்க்கிறோமே, அதே கண்தான் இங்கேயும் வேண்டும். மீனை ஈரக் கையால் தண்ணீருக்குள்ளேயே மெதுவாகப் பிடித்து, போன் ரோர்ச்சைப் பக்கத்தால் அடித்தால், மூச்சு விடும்போது பூமூடி திறக்கிற இடுக்கில் நிறம் தெரியும். நல்ல சிவப்பு என்றால் சரி. கபில நிறமாக, காய்ந்த இரத்தம் மாதிரி இருந்தால் நைத்திரைற்று ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு லீற்றருக்கு 1 கிராம் உப்பு உடனே கைகொடுக்கும், உப்பிலுள்ள குளோரைட்டு நைத்திரைற்று பூவால் உள்ளே போவதைத் தடுக்கிறது. வெளிறிப்போய், சளி மூடியிருந்தால் பூச்சியோ குளோரீனோ என்று யோசிக்க வேண்டும்.

குளோரீன் பற்றி ஒன்று. மாரி வெள்ளத்துக்குப் பிறகு கிணறு இறைத்து, சுகாதாரப் பரிசோதகர்கள் குளோரீன் போட்டுவிட்டுப் போவார்கள். அது மனிதருக்கு அவசியம், மீனுக்கு நஞ்சு. தண்ணீர் மாற்றின சில நிமிடத்திலேயே மீன் அங்குமிங்கும் பாய்ந்து, பிறகு மேலே வந்து நின்றால் வேறெதையும் தேட வேண்டாம், அதுதான். மணம் தெரியாத அளவு குளோரீனும் மீனைத் தாக்கும், அதனால் மணத்தை நம்பாமல், கடையில் விற்கிற, குளோரீனை முறிக்கிற சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலைப் போட்ட பிறகே அந்தத் தண்ணீரை விடுங்கள். குழாய்த் தண்ணீருக்கும் இதே கதைதான். குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் குளோரீன் இல்லாவிட்டாலும் ஒட்சிசன் குறைவாக இருக்கும், ஒரு இரவு வாளியில் வைத்து எயார் விட்டுப் பாவியுங்கள்.

தண்ணீர் நன்றாக இருந்தும் எல்லா மீனும் ஒரேயடியாகத் துடித்தால் நஞ்சு. நுளம்புத்திரி, நுளம்புப் புகை, பூச்சி அடிக்கிற ஸ்பிறே எல்லாவற்றிலும் இருக்கிற பைரித்திரொயிட்டு வகை மருந்து மனிதரைப் பெரிதாகத் தாக்காது, மீனை மிகச் சிறிய அளவிலேயே கொல்லும். எயார் பம்ப் அந்தக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது, யோசித்துப் பாருங்கள். புகை அடிக்க வருகிறார்கள் என்றால் தொட்டியை ஈரத்துணியால் மூடி, காற்று வெளிக்கிற வரை பம்பை நிறுத்துங்கள். வயலுக்கு மருந்தடித்துவிட்டு வந்து கழுவாத கையைத் தொட்டிக்குள் விடுவதும், வயலுக்குக் கிட்டவுள்ள வாய்க்கால் தண்ணீரைத் தொட்டிக்கு எடுப்பதும் கூடவே கூடாது. புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டி என்றால் சுண்ணாம்பு இறங்கி பிஎச் எகிறும், சில வாரம் தண்ணீர் நிரப்பி நிரப்பி ஊற்றின பிறகுதான் மீன்.

உப்பைச் சரியாகப் போடுங்கள்

வன்னியில் நம் கைக்கெட்டுகிற நல்ல மருந்து உப்புத்தான். ஆனையிறவுக் கல்லுப்போ சமையல் கல்லுப்போ எதுவும் சரி, அயடீன் சேர்த்ததாலும் இந்த அளவில் மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் "ஒரு கை அள்ளி"ப் போடக் கூடாது. தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் நிற்கிற உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி 1000 ஆல் பிரியுங்கள், லீற்றர் வரும். 60 க்கு 30 தொட்டியில் 25 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் 45 லீற்றர். லீற்றருக்கு 3 கிராம் என்றால் 135 கிராம். அதை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் தனியாகக் கரைத்து, 12 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஊற்றுங்கள். தொட்டியில் செடி இருந்தால் எடுத்துவிடுங்கள், கருகிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், நம் வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் வேகமாக வற்றும், உப்பு வற்றாது. வற்றின அளவுக்கு வெறும் தண்ணீர் மட்டும் விடுங்கள். நீங்களாகத் தண்ணீர் எடுத்து மாற்றினால் எடுத்த அளவுக்கு மட்டும் உப்புச் சேருங்கள். பூநகரிப் பக்கமும் கரையோரமும் கிணறே உவர் என்றால் அளவைக் குறைத்துத் தொடங்குங்கள்.

எந்த நோய் என்று பிரித்தறிவது

செட்டையிலும் உடம்பிலும் உப்புத்தூள் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி, மீன் கல்லில் தேய்க்கிறது என்றால் வெண்புள்ளி நோய். ஆனால் வடிவாகப் பாருங்கள். பூமூடியிலும் பக்கச் செட்டையின் முன்விளிம்பிலும் மட்டும் ஒரே அளவில் வரிசையாகப் புள்ளி இருந்து, மீன் உசாராக நீந்தினால் அது இனப்பெருக்கப் பருவத்து ஆண்மீன், வருத்தமே இல்லை. இந்தப் புள்ளிக்கு மருந்தூற்றி எத்தனையோ நல்ல மீனைச் சாகடிக்கிறார்கள், நினைக்கவே மனம் வேகும்.

உண்மையான வெண்புள்ளி என்றால், அந்தப் புள்ளிக்குள் இருக்கும்போது கிருமியை எந்த மருந்தும் தொடாது. அது விழுந்து, அடியில் பெருகி, குஞ்சுகள் நீந்தி வரும்போதுதான் கொல்லலாம். நம் சூட்டில் இந்தச் சுற்று சில நாளிலேயே முடிந்துவிடும், குளிர் நாட்டில் வாரக்கணக்கில் இழுக்கும். ஹீற்றர் போட்டு 30 பாகைக்கு ஏற்றச் சொல்லி எழுதியிருப்பார்கள். கோடையில் நம் தொட்டி ஏற்கனவே அங்கேதான் நிற்கிறது, இன்னும் ஏற்றினால் மூச்சுத்தான் முட்டும். செய்ய வேண்டியது லீற்றருக்கு 3 கிராம் உப்பு, நிறையக் காற்று, தினமும் அடித்தண்ணீரைக் குழாயால் உறிஞ்சி எடுப்பது. இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள், புள்ளி மறைந்தவுடன் நிறுத்தினால் திரும்ப வரும்.

பஞ்சு மாதிரி வெள்ளை படர்ந்தால் எல்லோரும் பங்கசு என்பார்கள். பங்கசு பெரும்பாலும் குளிர்த்தண்ணீரில், காயப்பட்ட இடத்தில் வருவது. இங்கே சூட்டில் வாயோரத்திலும் முதுகிலும் சாம்பல் வெள்ளையாகப் பரவினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கொலம்னாரிசு என்கிற பற்றீரியா. சூடு கூடக் கூட அது ஓடும், ஓரிரண்டு நாளில் மீனை முடித்துவிடும். தொட்டியைக் குளிராக்குங்கள்: மேற்பரப்பில் விசிறிக் காற்றுப் பட வையுங்கள், போத்தலில் உறைய வைத்த தண்ணீரை மூடியோடு மிதக்கவிடுங்கள், ஒரு நாளில் இரண்டு மூன்று பாகைக்கு மேல் இறக்க வேண்டாம். கூடவே உப்பும் தண்ணீர் மாற்றலும். நீல மருந்தை, அதுதான் மெதிலீன் புளூவை, பிரதான தொட்டிக்குள் ஊற்றினால் வடிகட்டியிலுள்ள நல்ல பற்றீரியாவும் சாகும். தேவையென்றால் தனி வாளியில் வைத்துப் பாவியுங்கள்.

வால் நுனி கிழிந்து, விளிம்பு வெள்ளையாகியோ சிவந்தோ உள்நோக்கிக் குறைந்து வந்தால் செட்டை அழுகல். பெரும்பாலும் ஊத்தைத் தண்ணீரின் கணக்கு, தினமும் மூன்றில் ஒரு பங்கு மாற்றி லீற்றருக்கு 1, 2 கிராம் உப்புப் போட்டாலே திரும்ப வளரும். ஆறி வரும்போது கறுப்பு நிறம் பிடிப்பது அநேகமாக நல்ல அறிகுறி, அதற்கு மருந்து தேடாதீர்கள். அழுகல் அடிவரை போனால்தான் அன்ரிபயோற்றிக். அதிலும் பார்மசியில் ரெற்றாசைக்கிளின் கப்சூல் வாங்கி உடைத்துப் போடுகிற வழக்கத்தை விடுங்கள். அந்த மருந்து தண்ணீரிலுள்ள கல்சியத்தோடும் மக்னீசியத்தோடும் ஒட்டிக்கொள்ளும், நம் கடினத் தண்ணீரில் மீனுக்குள் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிதான் பார்ப்பார்கள், ஆனாலும் மீனின் வீடியோவோடு போய்க் கேளுங்கள், உணவோடு கலந்து கொடுக்கிற மருந்தாகக் கேளுங்கள்.

மெல்லிய பச்சையோ வெள்ளையோ நூல் ஒன்று உடம்பிலிருந்து தொங்கி, அடி சிவந்து வீங்கியிருந்தால் நங்கூரப் புழு. நூலின் நுனியில் சின்னக் கவர் பிரிந்திருக்கும், அது முட்டைப் பை. தட்டையாக ஒட்டிக்கொண்டு சில நேரம் ஊர்கிற பச்சைப் பூச்சி என்றால் மீன் பேன். இரண்டும் குளத்தில் பிடுங்கிய செடியோடும் வாய்க்காலில் அள்ளிய நுளம்புக் குடம்பியோடும் வருபவை. மீனை ஈரத்துணியில் பிடித்து, சாமணத்தால் அடியோடு சேர்த்து மெதுவாக இழுத்து, காயத்தில் பஞ்சால் பொவிடோன் அயடீன் தொட்டுவிடுங்கள், பூவில் படக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் தண்ணீரில் இருக்கும் என்பதால் சில வாரம் தொடர்ந்து பார்த்து எடுங்கள்.

உடம்பில் ஒன்றுமே தெரியவில்லை, தண்ணீரும் நல்லது, ஆனால் தேய்க்கிறது, ஒரு பக்கப் பூமூடியை மூடி வைத்து மூச்சு விடுகிறது என்றால் பூவில் தட்டைப் புழு. அதற்கு உப்பு பெரிதாக உதவாது, பிராசிகுவன்ரெல் என்கிற புழு மருந்து வேண்டும். லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவில் போட்டு, முட்டை பொரித்து வருவதற்காக ஒரு வாரம் கழித்து மறுபடி. நாய்க்குக் கொடுக்கிற பூச்சி மாத்திரைகளில் வேறு மருந்தும் கலந்திருக்கும், அதைப் பாவிக்க வேண்டாம்.

உருண்டை உடம்புள்ள ஒராண்டா, மூர் வகைகள் தலைகீழாக மிதந்தால் முதலில் வயிறு. பாண், பிஸ்கற், சோறு எல்லாவற்றையும் நிறுத்தி இரண்டு மூன்று நாள் பட்டினி போடுங்கள். பிறகு அவித்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணி கொஞ்சம், அதன் பின் ஊறவைத்த, அடியில் தாழ்கிற உணவு. பலதுக்கு இதிலேயே சரியாகும்.

செதில்கள் எல்லாம் வெளியே நிமிர்ந்து வயிறு ஊதினால் சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது, பிழைப்பது குறைவு. தனி வாளியில் 40 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேற்று, சமையல் உப்பல்ல) போட்டுப் பார்க்கலாம், வீக்கம் கொஞ்சம் வடியும். சாப்பிடாமல், சாய்ந்து கிடந்து துன்பப்படுகிற மீனை நாள்கணக்கில் வைத்திருப்பதைவிட விடுவிப்பது நல்லது. பார்மசியில் கராம்பு எண்ணெய் இருக்கும். ஒரு லீற்றர் தொட்டித் தண்ணீருக்கு 0.4 மில்லிலீற்றர் எடுத்து, சின்னப் போத்தலில் தண்ணீரோடு பால்நிறம் வரக் குலுக்கி ஊற்றுங்கள். மீன் முதலில் மயங்கும், பிறகு பூ அசைவது நிற்கும். நின்ற பிறகும் 10 நிமிடத்துக்கு மேல் அதிலேயே விடுங்கள்.

புது மீனை ஒரு மாதம் தனி வாளியில் வைத்த பிறகுதான் மற்ற மீன்களோடு சேர்க்க வேண்டும். கொழும்பிலிருந்து பஸ்ஸில் நீண்ட நேரம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், பைக்குள் அடங்கியிருந்த வாயு வெளியேற பிஎச் ஏறி, சேர்ந்திருக்கிற அமோனியா நஞ்சாகும். மூடின பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்தவுடன் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கொட்டுவது குளத்திலோ வாய்க்காலிலோ வேண்டாம், நோய்த் தொட்டித் தண்ணீரும் அப்படித்தான். இரணைமடுவிலும் மற்றக் குளங்களிலும் மீன் பிடித்துச் சீவிக்கிற சனம் இருக்கிறது. வளவுக்குள் வாழைக்கு ஊற்றுங்கள், உப்புப் போட்ட தண்ணீரென்றால் மரமில்லாத இடத்தில். வலை, வாளி, குழாய் எல்லாவற்றையும் நல்ல வெயிலில் முழுக்கக் காயவிட்டு அடுத்த தொட்டிக்கு எடுங்கள்.